இறுதியாட்டம் காலை பத்து மணிக்கு

மார்ச் 2, திங்கள்

மூன்று மேசைகளுக்கும் பிரஷ் போட்டு, இஸ்திரி போட்டு முடிக்க மதியம் ஆகிவிட்டது. ஆட்களிடம் விட்டால் துணியில் சுருக்கம் விழுந்துவிடும். எங்கள் கிளப்பில் நடக்கும் மாநில ஸ்னூக்கர் போட்டிக்கு இன்னும் ஒரு வாரம். ஏசி ஒன்று சொட்டுகிறது. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்றான்.

ஆட்ட நேரங்களைத் தயார் செய்தேன். இறுதியாட்டம் 14ஆம் தேதி சனிக்கிழமை மாலை நான்கு மணி. நான் கௌரவச் செயலாளராக வந்த நாளிலிருந்து அதே நேரம்தான். கோயமுத்தூரில் ஒருவன் மதியம் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, நிதானமாக வந்து உட்கார அதுதான் சரியான நேரம்.

எட்வினும் பெயர் கொடுத்திருக்கிறான். எட்வின் என் தங்கை ரோகிணியின் கணவன். போத்தனூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகன். கல்யாணமாகி இருபத்தேழு வருடம் ஆகிறது. நான் இதுவரை அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடக் கூடாது என்றில்லை. சந்தர்ப்பம் வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

நடுவரின் வெள்ளைக் கையுறைகளைச் சலவைக்குப் போட்டேன். பேனரில் என் பெயரை 'கோவர்தனன்' என்று அச்சடித்து விட்டார்கள். ஒரு 'த்' போய்விட்டது. திருப்பி அனுப்பினேன்.

சங்கத் தலைவர் நாச்சிமுத்து கேட்டார். "ஏனுங்க, எட்வினுக்கு உடம்பு முடியலீன்னாங்களே, ஆடறாரா?"

ஆடுகிறான் என்றேன். இரண்டு வருடமாக அவனுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி, மூன்று நாளும் காலையில் டயாலிசிஸ். ஏப்ரலில் மாற்று அறுவை சிகிச்சை. சிறுநீரகம் கொடுப்பது ரோகிணி. எங்கள் அம்மா பெற்ற உடம்பிலிருந்து எடுத்து அவனுக்கு வைக்கப் போகிறார்கள். நான் வேண்டாம் என்றேன். யார் கேட்டார்கள்?

"பாவங்க. மூணு தடவ ஃபைனல் வந்தும் கப்பு வாங்கலியே மனுசன்" என்றார் தலைவர்.

சாம்பியன்கள் பலகையில் என் பெயர் ஒரு முறை இருக்கிறது. அந்த வருடம் எட்வின் ஆடவில்லை. அந்த வாரத்தில்தான் ரோகிணியைக் கூட்டிக்கொண்டு போனான். அதனால் எனக்கு எளிதாகக் கிடைத்தது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

மார்ச் 9, திங்கள்

தொடக்க விழா நன்றாக நடந்தது. வடை ஆறிப்போயிருந்தது.

எட்வின் முதல் ஆட்டத்தை ஜெயித்தான். ஆள் பாதியாகிவிட்டான். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது முன்கையில் ரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். அந்த இடம் கயிறு போலப் புடைத்து நிற்கிறது. ஆடும்போது மேசைமேல் ஊன்றி க்யூ கோலைத் தாங்குவதும் அதே கைதான். மற்ற ஆட்டக்காரர்கள் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முழுக்கைச் சட்டை போட்டால் நல்லது என்று நடுவர் மூலம் சொல்லி அனுப்பினேன். ஸ்பான்சர்கள் வருகிற இடம்.

மறு ஆட்டத்துக்கு முழுக்கைச் சட்டையில் வந்தான். தூரத்திலிருந்தே கையைத் தூக்கி, "மச்சான், இப்ப சரிங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 11, புதன்

காலிறுதி. எட்வின் ஜெயித்தான். வத்சலா கொள்ளு ரசம் வைத்திருந்தாள். ஜலதோஷத்துக்கு இதமாக இருந்தது. "அவர் ஆடினாராமே, ரோகிணி போன்ல சொன்னா" என்றாள். என் மனைவியும் என் தங்கையும் என்னைப் பற்றியோ அவனைப் பற்றியோ பேசிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மார்ச் 12, வியாழன்

மாலையில் அரையிறுதி. எட்வின் காலையில் டயாலிசிஸ் முடித்து, மதியம் தூங்கி எழுந்து, ஐந்து மணிக்குப் புதிதாய் வந்து நின்றான். எதிராளியை உட்காரவே வைத்துவிட்டான். கடைசி பிரேமில், அதாவது கடைசிச் சுற்றில், ஒரே மூச்சில் நூற்றுப் பன்னிரண்டு புள்ளி. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவர்கூட விசிலடித்தார். அந்த வயதில் விசில்.

இறுதியில் அவனோடு மோதப்போவது நிதிலன். சேலத்துப் பையன், இருபத்திரண்டு வயது. கிளப் அறையிலேயே தங்கியிருக்கிறான்.

யோசித்துப் பார்த்ததில் இறுதியாட்டத்தைக் காலையில் வைப்பதே உசிதம் என்று படுகிறது. காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும். ஏசிக்கும் சிரமமில்லை. சிறப்பு விருந்தினரின் வசதியையும் பார்க்க வேண்டும். அவருக்கு நானே போன் போட்டு, காலை பத்து மணி வசதிப்படுமா என்று கேட்டேன். "எனக்கு எப்ப வெச்சாலும் சரிங்க" என்றார் பெருந்தன்மையாக.

விருந்தினர் காலையைத்தான் விரும்புகிறார் என்று தலைவருக்குச் சொன்னேன். சரி என்றார். நிதிலனிடமும் சொல்லிவிட்டேன். அவன், "சனிக்கிழமை காலைல எட்வின் அண்ணனுக்கு ஆஸ்பத்திரி இருக்குமே சார்" என்றான். உன் ஆட்டத்தை நீ பார் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

காலை ஒன்பதுக்கெல்லாம் ரோகிணி வீட்டுக்கு வந்துவிட்டாள். நிதிலன் எட்வினிடம் சொல்லியிருக்கிறான். வத்சலா காபி கொடுத்தாள். ரோகிணி அதைத் தொடவில்லை.

"அண்ணா, நாளைக்குப் பத்து மணிக்கு மாத்திட்டீங்களாமே? நாலு மணின்னுதானே இருந்துச்சு."

"மாத்தியாச்சு."

"நாளைக்குக் காலைல அவருக்கு டயாலிசிஸ். உங்களுக்குத் தெரியும்ல? ஏழு மணிக்கு ஏத்தினா பதினொண்ணு ஆயிரும்ணா."

"ஆளாளுக்கு அவங்க வசதிக்கு நேரம் கேட்டா நான் எங்க போறது? ஒருத்தனுக்குக் கல்யாணம், ஒருத்தனுக்குப் பரீட்சை."

"மதியத்துக்கு மேல வெச்சாப் போதும். ரெண்டு மணின்னாலும் சரி. சித்த நேரம் படுத்து எந்திரிச்சு வந்துருவாரு."

"டயாலிசிஸை இன்னிக்கே பண்ணிக்கலாமே."

"கேட்டுப் பாத்தாச்சு. எடமில்லை. நாளைக்கு சாயங்காலமும் இல்லை. ஒரு தடவ விட்டா அவருக்கு மூச்சு வாங்குதுண்ணா. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வருசம் க்யூவே தொடக் கூடாதுன்னுட்டாங்க. அதுக்கப்புறம் எப்படியோ, யாருக்குத் தெரியும்? இந்த ஒரு மேட்ச்தான்."

"உன் வீட்டுக்காரருங்கறதாலயே நான் மாத்தக் கூடாது. நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"தங்கச்சின்னு கேக்கலண்ணா. வேற யாராச்சும் வந்து கேட்டா என்ன செய்வீங்களோ, அதைச் செய்யுங்க."

அறிவிப்பு நேற்றே ஒட்டியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். நான் கிளப்புக்குப் போய் அறிவிப்பைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டினேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை. திருத்தி மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது.

மதியம் நிதிலன் வந்தான். "சார், ரெண்டு மணின்னா எனக்கும் சரிதான். எழுதிக் கொடுக்கட்டுமா?" என்றான். நேரம் குறிப்பது ஆட்டக்காரர்களின் வேலையில்லை என்று விளக்கினேன்.

மாலை பூமாலைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் ரோகிணியின் காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது. ஏன் எடுத்து வைக்கவில்லை என்று கேட்டதற்கு வத்சலா மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள்.

மார்ச் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மேசை தயார், பந்துகள் அடுக்கியாயிற்று. நடுவர் நின்றுகொண்டிருந்தார். நிதிலன் வந்துவிட்டான். எட்வின் வரவில்லை. விதி தெளிவாக இருக்கிறது. பத்து நிமிடம் தாமதித்தால் ஒரு பிரேம் எதிராளிக்கு. அடுத்த பத்து நிமிடத்துக்கு இன்னொன்று. அரை மணி ஆனால் ஆட்டமே போச்சு. இறுதியாட்டம் ஒன்பது பிரேம். ஐந்து வென்றவருக்குக் கோப்பை.

சிறப்பு விருந்தினரும் வரவில்லை. பாலத்தில் நெரிசல், இதோ வந்துவிட்டேன் என்று போன் வந்தது. அவர் வந்து விளக்கேற்றாமல் தொடங்க முடியாது.

பத்து இருபத்தைந்துக்கு எட்வின் வந்தான். ரோகிணி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது. சட்டையை மாற்ற நேரமில்லை போலிருக்கிறது, அரைக்கைதான். இடது கையில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி.

"மன்னிச்சுக்குங்க மச்சான். மெஷின் ஏத்தவே லேட்டாக்கிப் போட்டாங்க. ரத்தம் வேற நிக்க மாட்டேன்னுருச்சு" என்றான்.

எட்வினுக்குப் பூஜ்யம், நிதிலனுக்கு இரண்டு என்று பலகையில் எழுதச் சொன்னேன்.

தலைவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "கோவர்த்தனன், விடுங்க. விருந்தாளியே இன்னும் வரலீங்க. எப்படியும் ஆட்டம் தொடங்கப் போறதில்ல. அந்த மனுசன் லேட்டா வந்ததுல யாருக்கு என்ன நட்டம்?"

"ஆட்டம் எப்போது தொடங்குகிறது என்பது வேறு. ஆட்டக்காரர் எப்போது வர வேண்டும் என்பது வேறு" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வாசல் பக்கம் போனார்.

நிதிலன், "எனக்கு அந்த ரெண்டு பிரேம் வேண்டாம் சார்" என்றான். வேண்டாமென்றால் நீ ஆட்டத்திலிருந்து விலகியதாக எழுதிக்கொள்கிறேன், அடுத்த இரண்டு வருடத்துக்கு மாநில அணியில் பெயர் வராது என்றேன். எட்வின் அவன் தோளில் கை போட்டு, "விடு தம்பி. ரெண்டுதானே. பாத்துக்கலாம்" என்றான்.

விருந்தினர் பத்தே முக்காலுக்கு வந்தார். மாலை, விளக்கு, இரண்டு வார்த்தை. ஆட்டம் தொடங்கும்போது மணி பதினொன்று.

அதாவது எட்வின் அரை மணிக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தான். தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கக் கூடாதாம். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டான்.

அவன் நன்றாக ஆடினான். அதை எழுதாமல் விடுவது நியாயமில்லை. ஒவ்வொரு முறையும் நாற்காலியிலிருந்து எழுந்து மேசைக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. குனிந்தபின் கை நடுங்கவில்லை. 1-2, 2-2, 2-3, 3-3 என்று போனது. 3-4. பிறகு 4-4. கடைசி பிரேம்.

அதில் எட்வின் முன்னால் இருந்தான். நிறப் பந்துகள் மட்டும் மிச்சம். நீலம் போட்டான். இளஞ்சிவப்பும் விழுந்தால் கோப்பை அவனுக்கு. இளஞ்சிவப்புக்குக் குனிந்தபோது பிளாஸ்திரி நனைந்து துணியில் இரண்டு சொட்டு ரத்தம் விழுந்தது. துணி போன வருடம்தான் வெளியூரிலிருந்து தருவித்தது. நான் எழுந்து ஆட்டத்தை நிறுத்தினேன்.

"ஒரு நிமிசம் மச்சான், இதைப் போட்டுட்டு..." என்றான் குனிந்தபடியே.

"முதல்ல துணி" என்றேன்.

ஈரத்துணி கொண்டுவந்து ஒற்றி, காயவிட்டு, நடுவர் சரிபார்க்கக் கால் மணி ஆயிற்று. ரோகிணி அவன் கையில் கைக்குட்டையைக் கட்டினாள். அவன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். மறுபடி குனிந்தபோது கால் நிற்கவில்லை. இளஞ்சிவப்பு குழியின் விளிம்பில் தட்டி நின்றது. நிதிலன் அதையும் கறுப்பையும் போட்டான்.

4-5. மேசையில் ஆடிய ஏழில் எட்வினுக்கு நான்கு, நிதிலனுக்கு மூன்று. அரங்கத்தில் யாரோ அதைச் சத்தமாகவே சொன்னார்கள். நிதிலன் கோப்பையை வாங்கிக்கொண்டு அழுதான். வெற்றியில் சிலர் அழுவதுண்டு.

எட்வின் எனக்குக் கை கொடுத்தான். அவன் கை ஜில்லென்றிருந்தது. ரோகிணி என் பக்கம் பார்க்கவே இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

துணியில் லேசாகக் கறை தெரிந்தது. குளிர்ந்த தண்ணீரும் கொஞ்சம் உப்பும் போட்டு, நாரின் போக்கிலேயே ஒற்றி எடுத்தேன். சுத்தமாகப் போய்விட்டது. வெந்நீர் போட்டிருந்தால் பிடித்துக்கொண்டிருக்கும்.

மார்ச் 16, திங்கள்

எட்வினை விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம். வத்சலா சொல்லிவிட்டு டிபன்பாக்ஸோடு கிளம்பிப் போனாள். எனக்கு எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. வெளியில் இட்லி சாப்பிட்டேன்.

மார்ச் 18, புதன்

தீவிர சிகிச்சைப் பிரிவில் மாலை அரை மணி நேரம் மட்டும் பார்க்க விடுகிறார்கள், ஒவ்வொருவராக. நான்தான் முதலில் போய் உட்கார்ந்தேன். ரோகிணி கதவருகே நின்று ஆளை அனுப்பிக்கொண்டிருந்தாள். ரயில்வே ஆட்கள் இருவர் போனார்கள். பிறகு தலைவர். பிறகு நிதிலன், சேலத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறான். நேரம் முடிந்துவிட்டது.

"நான் உக்காந்திருந்தேனே, ரோகிணி" என்றேன்.

"பாத்தேன்" என்றாள்.

வெளியே வரும்போது டயாலிசிஸ் பிரிவு ஊழியர் ஒருவர் நிறுத்தினார்.

"நீங்கதான் எட்வின் சாரோட மச்சானுங்களா? சனிக்கிழமை நாலு மணி நேரம் ஓடோணும் சார். ரெண்டு மணி நேரத்துலயே கழட்டிவிடச் சொல்லிட்டாரு. வேண்டாம்னோம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரு. 'எங்க மச்சான் நேரத்துல ரொம்பக் கரெக்டு, காத்திருக்க மாட்டாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

அவராக எடுத்த முடிவு என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

வரும் வழியில் ஏசி மெக்கானிக்கைப் பார்த்தேன். பாக்கி வேலையை முடிக்கச் சொன்னேன். அவன் என்ன சொன்னான் என்று ஞாபகமில்லை.

மார்ச் 19, வியாழன்

போனேன். விடவில்லை.

மார்ச் 20, வெள்ளி

போனேன். இன்றைக்குக் கதவுவரை போய்விட்டேன். கண்ணாடி வழியாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. வீங்கியிருந்தன. கூப்பிடலாம் என்று தோன்றியது. என்னவென்று கூப்பிடுவது என்று நின்றேன். திரையை இழுத்துவிட்டார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

எட்வின் காலையில் இறந்துவிட்டார்.

அடக்கம் நாளை மாலை நான்கு மணி, போத்தனூர் கல்லறைத் தோட்டம் என்று கைபேசியில் செய்தி வந்தது. உறவினர் எல்லோருக்கும் போன பொதுச் செய்தி. வத்சலா அழுதுகொண்டே புறப்பட்டாள். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க நாளைக்கு வாங்க" என்றாள். இரவு திரும்பி வரவில்லை.

மார்ச் 23, திங்கள்

கூடப் பிறந்தவன் என்ற முறையில் ரோகிணிக்குச் சேலை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவர்கள் முறை எப்படியோ, நம் முறை அது. காலையிலேயே கடைக்குப் போய் வெள்ளையில் மெல்லிய கரை வைத்தது ஒன்று எடுத்தேன். ரோஜா மாலைக்குச் சொல்லி வாங்கினேன். வெயில் அதிகம். ஆட்டோ கிடைப்பது சிரமமாயிருந்தது. ஆனாலும் மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முதலில் வேறு யாருடைய அடக்கமோ என்று நினைத்தேன். பிறகு தலைவர் வந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தாண்டிப் போனார். நிதிலன் வந்தான். கை முழுக்க மண்.

உள்ளே மூடிவிட்டிருந்தார்கள். மண்மேல் பூ போட்டிருந்தது. ரோகிணியும் வத்சலாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"நாலு மணின்னுதானே போட்டிருந்துச்சு" என்றேன்.

ரோகிணி நிமிர்ந்து பார்த்தாள். அழுத முகமில்லை. "போதகருக்கு வேற ஊர் போகணுமாம். ரெண்டரைக்கு மாத்திட்டோம்."

"எனக்குச் சொல்லலியே."

"எல்லாருக்கும் போன் பண்ணோம்."

"எனக்கு வரல, ரோகிணி."

"ஆமா. உங்களுக்குப் பண்ணல." சேலைப் பையை ஒரு முறை பார்த்தாள். கையை நீட்டவில்லை. "நிதிலன் பஸ் லேட்டாயிருச்சுன்னான். அவன் வர்ற வரைக்கும் பெட்டிய மூடாம முக்கா மணி நேரம் வெச்சிருந்தோம். போதகரும் சரின்னுட்டாரு."

நான் வத்சலாவிடம் திரும்பினேன்.

"நீயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னு போனை எடுத்தேன்" என்றாள் வத்சலா. "அப்புறம் வெச்சுட்டேன்."

மாலையை மண்மேல் வைத்தேன். மாப்பிள்ளை என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் கேட்டிருக்காது. எழுந்தபோது பெண்கள் இருவரும் வாசலைத் தாண்டிவிட்டிருந்தார்கள். வத்சலா ரோகிணியோடு அவர்கள் வீட்டு ஆட்டோவில் ஏறிப் போனாள்.

சேலையை அலமாரியில் வைத்திருக்கிறேன். கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டான். வீட்டில் விளக்குப் போடவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

நான்கு மணி என்றுதான் சொல்லியிருந்தார்கள். மூன்றே முக்காலுக்கு அங்கே இருந்தேன். நான் தாமதமாகப் போகவில்லை.